சர்வரோக நிவாரணி: புட்டியில் இருந்ததும் பத்திரிகையில் இருந்ததும்

கேள்வி இதுதான்: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரே புட்டி மருந்து தலைவலி முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. அதை மக்கள் எப்படி நம்பினார்கள்? அரசாங்கம் ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வியாபாரத்தில் உண்மையில் தயாரானது மருந்து அல்ல, விளம்பரம். குடித்தவருக்கு உடம்பில் ஏதோ நடப்பதாகத் தோன்றச் செய்வதோடு புட்டியின் வேலை முடிந்தது. அந்த விளம்பரப் பணத்தில்தான் பத்திரிகைகள் பிழைத்தன. அதனால் கேள்வி கேட்க வேண்டியவர்களே வாயை மூடிக்கொண்டார்கள். அரசுக்கும் அதில் பங்கு போனது. இனி விவரமாகப் பார்க்கலாம்.

"அந்தக் காலத்து ஜனங்களுக்கு விவரம் போதாது" என்று முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் அவர்கள் முன்னால் வேறு என்ன வழி இருந்தது? 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வைத்தியம் என்ற பெயரில் ஒரே நாளில் அவர் உடம்பிலிருந்து இரண்டு லிட்டருக்கும் மேல் ரத்தத்தை இறக்கினார்கள். அன்றிரவே இறந்துபோனார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாக இருந்தவருக்கே அந்தக் கதி. ரத்தம் எடுக்காவிட்டால் கலோமல் என்ற பாதரச உப்பைக் கொடுப்பார்கள். வாயில் எச்சில் கொட்ட ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறது என்று கணக்கு. ஈறு புண்ணாகிப் பல் உதிர்வதும் உண்டு. இத்தனைக்கும் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டும், பல ஊர்களில் டாக்டரே கிடையாது. இந்த நிலைமையில் கடையில் ஒரு டாலருக்குப் புட்டி கிடைக்கிறது, கத்தி இல்லை, ரத்தம் இல்லை, யாரிடமும் ஆடையை விலக்கிக் காட்ட வேண்டியதும் இல்லை. நானாக இருந்தாலும் புட்டியைத்தான் வாங்கியிருப்பேன்.

வாங்கியவர்களுக்கு அது ஏதோ செய்யவும் செய்தது. உடம்பு உணர்வதற்கு மூன்று வழிகளைக் கையாண்டார்கள்: சாராயம், அபின், பேதி. பிட்ஸ்பர்க்கில் தயாரான ஹாஸ்டெட்டர் பிட்டர்ஸ் என்ற வயிற்று மருந்தில் ஆல்கஹால் சுமார் 44 சதவீதம் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. விஸ்கி அளவுக்குக் காட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய்கள் அதை விரும்பிக் குடித்ததில் ஆச்சரியம் இல்லை. 1849-ல் மேய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் சந்தைக்கு வந்த மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப், பல் முளைக்கும் குழந்தைகளுக்கானது. ஒரு திரவ அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின். விளம்பரப் படத்தில் சிரித்த முகத்தோடு தாயும் குழந்தைகளும் இருப்பார்கள். குழந்தை அழுகையை நிறுத்தும் என்ற வாக்குறுதி பொய்யல்ல, உறங்கிவிடும். சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. மாத்திரை வியாபாரிகளின் வழி பேதி. காலையில் வயிறு சுத்தமானால் "உள்ளே இருந்த கெட்டதெல்லாம் போய்விட்டது" என்ற திருப்தி வந்துவிடும்.

இதெல்லாம் எதுவுமே இல்லாமலும் குணம் தெரியும் என்பதை அப்போதே ஒருவர் காட்டிவிட்டார். கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ் என்ற மருத்துவர் 1796-ல் இரண்டு சிறு உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கிற இடத்தில் தடவினால் வலியை இழுத்துவிடுமாம். லண்டனில் ஒரு ஜோடி ஐந்து கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) விலைக்குப் போனது. 1799-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் மரத்தில் அதே மாதிரி கம்பி செய்து உலோகம் போலச் சாயம் பூசி, ஐந்து நோயாளிகள் மேல் தடவிப் பார்த்தார். நான்கு பேர் தேவலை என்றார்கள். பலனை ஹேகார்த் வெளியிட்டும் வியாபாரிகள் கவலைப்படவில்லை. வலி தானே குறையும் நாளில் கையில் எது இருக்கிறதோ அதற்குத்தான் பெயர் போகும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றைப் "பேட்டன்ட் மருந்து" என்று சொன்னாலும் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னால் வியாபாரம் எங்கே? புட்டியின் வடிவம், பெயர், லேபிள் ஆகியவற்றை மட்டும் பதிவு செய்துகொண்டு சேர்மானத்தை ரகசியமாக வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அரசாங்கமே தெரிந்தோ தெரியாமலோ இதற்குத் துணை போனது. 1783-ல் இம்மாதிரி மருந்துகளுக்கு முத்திரை வரி போட்டார்கள். பிறகு விகிதம் மாறி, ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள பெட்டிக்கு ஒன்றரை பென்னி ஆனது. அதனால்தான் அந்தக் கால விளம்பரங்களில் 1 ஷில்லிங் 1½ பென்னி என்ற விநோத விலை திரும்பத் திரும்ப வரும். பெட்டி மேல் அரசு முத்திரையைப் பார்த்தவர்கள் இது அரசாங்கம் ஒப்புக்கொண்ட மருந்து என்றே நினைத்தார்கள். வியாபாரிகளும் "அரசு முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்" என்று எழுதி அந்த நினைப்புக்கு நெய் ஊற்றினார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-ல் இதே மாதிரி வரி வந்தபோது, கம்பெனிகள் சொந்தமாக முத்திரை அச்சு செய்துகொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. கேட்க வேண்டுமா? அரசாங்க வரி முத்திரையிலேயே தங்கள் பெயரையும் முகத்தையும் போட்டுக்கொண்டார்கள்.

லண்டனில் தாமஸ் ஹாலோவே 1837-ல் ஒரு களிம்போடு ஆரம்பித்தார், பிறகு மாத்திரையும் சேர்ந்தது. 1842-ல் விளம்பரத்துக்கு அவர் செலவழித்தது 5,000 பவுண்டு. 1851-ல் 20,000. சாகும் காலத்தில் ஆண்டுக்கு 50,000. அவருடைய விளம்பரங்கள் பல நாட்டு மொழிகளில் வந்தன, இந்தியப் பத்திரிகைகளிலும் வந்தன. மாத்திரைக்குள் இருந்தது கரியபோளம், இஞ்சி, சோப்பு போன்ற சாதாரணச் சரக்குதான். அந்தப் பணத்தில் அவர் கட்டிய பெண்கள் கல்லூரியை 1886-ல் விக்டோரியா மகாராணி திறந்து வைத்தார். ராயல் ஹாலோவே என்று இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. மனநோயாளிகளுக்கான பெரிய மருத்துவமனையும் அவர் பணத்தில் எழுந்ததுதான். பேதி மாத்திரை இவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறது, நோயாளிகளுக்குச் செய்ததைவிட அதிகமாக.

ஹாலோவேக்கு முன்பே ஜேம்ஸ் மாரிசன் என்பவர் எல்லா நோயும் கெட்ட ரத்தத்தால்தான், என் மாத்திரை ஒன்றே போதும் என்று லண்டனில் "பிரிட்டிஷ் காலேஜ் ஆஃப் ஹெல்த்" என்ற பெயர்ப்பலகையோடு விற்றார். அந்தப் பெயரைக் கேட்டால் அரசுக் கல்லூரி என்றுதானே தோன்றும்? மாத்திரை சாப்பிட்ட ஒருவர் இறந்ததற்காக 1836-ல் அவருடைய முகவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. விற்பனை நின்றுவிடவில்லை. அடுத்த தலைமுறையில் ஆடு மேய்த்து வளர்ந்த தாமஸ் பீச்சம் "ஒரு பெட்டி ஒரு கினி பெறும்" என்ற வாசகத்தோடு வந்தார். பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் 1909-ல் இம்மாதிரி மருந்துகளைச் சோதித்து ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் பெட்டியில் இருந்த 56 மாத்திரைகளின் சரக்கு விலை அரை ஃபார்திங் (ஃபார்திங் என்பது கால் பென்னி) என்று அதில் இருந்தது. பெட்டி விலை 54 ஃபார்திங். அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் கொடுக்கப் போனபோது பல பத்திரிகைகள் வாங்க மறுத்துவிட்டன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. குளோரோடைன் என்ற புகழ்பெற்ற மருந்து இந்தியாவில் பிறந்தது. ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ஜான் காலிஸ் பிரவுன் 1848 வாக்கில் காலராவுக்காக இதைச் சேர்த்தார். அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம் ஆகிய மூன்றும் ஒரே புட்டியில். 1856 முதல் லண்டனில் விற்பனை. பேதியை நிறுத்தும் என்பது உண்மைதான், அபின் குடலைக் கட்டிப்போடும். காலராவைக் குணப்படுத்தாது. ஃப்ரீமேன் என்ற இன்னொருவர் "நான்தான் அசல்" என்று கிளம்ப, 1864-ல் வழக்கு நடந்தது. கண்டுபிடித்தவர் பிரவுன்தான் என்று நீதிபதி சொன்னார். அந்த ஒரு வரியைப் பிரவுன் தரப்பு பல ஆண்டுகள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டே இருந்தது. யார் கண்டுபிடித்தார் என்பதைத்தான் நீதிமன்றம் சொன்னது, மருந்து வேலை செய்யுமா என்று சொல்லவில்லை. படிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துச் சரக்கே. நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் 1851-ல் தயாரித்தது, 1876-ல் வணிகக் குறியாகப் பதிவானது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு ஆகியவற்றோடு பழைய சேர்மானத்தில் கொஞ்சம் ஆல்கஹாலும் இருந்தது. பிறகு 1893-ல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் பந்துலு அமிர்தாஞ்சன் ஆரம்பித்தார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கியதாகச் சொல்வார்கள். அவரே ஆந்திர பத்திரிகாவையும் நடத்தினார். மேல்நாட்டில் மருந்து வியாபாரி பத்திரிகைக்குப் பணம் கொடுத்தார், இங்கே தைல வியாபாரியே பத்திரிகை அதிபர் ஆனார். அந்தப் பணம் சுதந்திரப் போராட்டத்துக்கும் போனது என்பதையும் சொல்ல வேண்டும். தலைவலித் தைலத்தைத் தலைவலித் தைலம் என்று விற்பதற்கும், புற்றுநோய் தீரும் என்று விற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டாவது வகை விளம்பரத்தைத் தடுக்க இந்தியாவில் 1954-ல்தான் தனிச் சட்டம் வந்தது.

இப்போது இந்த வியாபாரத்தின் முழு சூத்திரமும் ஒரே இடத்தில் தெரியும் கதைக்கு வருகிறேன்: லிடியா பிங்கம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் 1819-ல் பிறந்தவர். அடிமை ஒழிப்பை ஆதரித்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மதுவிலக்கை ஆதரித்தவர். நிலம் வாங்கி விற்ற கணவர் ஐசக், 1873 பொருளாதார வீழ்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தார். லிடியா வீட்டு அடுப்பில் காய்ச்சி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சும்மா கொடுத்துவந்த கஷாயத்தை 1875-ல் விற்க ஆரம்பித்தார்கள். அதன் செய்முறை ஐசக்குக்கு வராத கடனுக்குப் பதிலாகக் கிடைத்தது என்று சொல்வார்கள். ஐந்து மூலிகைகள். நான்கு அமெரிக்கக் காட்டு வேர்கள், ஐந்தாவது நம் சமையலறையில் இருக்கும் வெந்தயம். கெடாமல் இருக்க ஆல்கஹால் சுமார் 18 சதவீதம். மதுவிலக்கு பேசிய அம்மாள் விற்ற புட்டியில் திராட்சை ஒயினைவிடப் போதை அதிகம். அதை அவர் மோசடியாக நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருந்தில் இருந்தால் அது மது அல்ல என்பது அன்று பலருடைய நம்பிக்கை.

விளம்பரம் செய்தவர்கள் மகன்கள். டேன் புரூக்ளினுக்குப் போய் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போட்டார். பூங்காவிலும் கல்லறைத் தோட்டத்திலும் கிடக்கும்படி சின்னச் சின்ன அட்டைகள் போடலாம் என்று யோசனை சொன்னார். யாரோ ஒரு பெண் தன் உறவுக்காரிக்குக் கைப்பட எழுதித் தவறவிட்ட மாதிரி இருக்கும், "இந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார், உனக்குக் கட்டாயம் குணமாகும்" என்று. விளம்பரம் என்று தெரியாத விளம்பரம். இன்று இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு "என் சொந்த அனுபவம்" எழுதுகிறவர்களுக்கு டேன்தான் மூத்த அண்ணன். இன்னொரு மகன் வில், கையில் இருந்த 60 டாலரைக் கொட்டி பாஸ்டன் ஹெரால்டு முதல் பக்கத்தில் பிரசுரத்தை அப்படியே போட்டார். உடனே மொத்த வியாபாரிகளிடமிருந்து ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகு வந்த பணமெல்லாம் பத்திரிகைக்கே போனது.

1879-ல் லிடியாவின் முகத்தையே விளம்பரத்தில் போட்டார்கள். வாரிய தலை, கறுப்பு உடை, கழுத்தில் வெள்ளைச் சரிகை, பாட்டிக்கே உரிய சாந்தம். விற்பனை எங்கேயோ போய்விட்டது. சின்ன ஊர்ப் பத்திரிகைகளிடம் பெண் முகம் உள்ள அச்சுக் கட்டை அது ஒன்றுதான் இருந்ததால், விக்டோரியா மகாராணி பற்றிய செய்திக்கும் அதே படத்தைப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கல்லூரி மாணவர்கள் அந்த முகத்தைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள். அதுவும் இலவச விளம்பரம்தான்.

அந்த முகம் ஏன் அவ்வளவு வேலை செய்தது என்றால், பெண்களுக்கு அன்று பேச ஆளே இல்லை. கர்ப்பப்பை இறக்கம், மாதவிலக்கு வலி, வெள்ளைப்படுதல் ஆகியவற்றை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம். சொன்னாலும் என்ன கிடைக்கும்? 1872-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி, நரம்புத் தளர்ச்சி போன்ற புகார்களுக்காக நோயில்லாத சினைப்பைகளையே அறுத்து எடுக்கும் சிகிச்சையை ஆரம்பித்திருந்தார், அது பரவியும் விட்டது. "பெண்ணின் நோய் பெண்ணுக்குத்தான் புரியும், எனக்கு எழுதுங்கள், உங்கள் கடிதத்தை எந்த ஆணும் பார்க்க மாட்டார்" என்று பிங்கம் விளம்பரம் சொன்னபோது ஆயிரக்கணக்கில் கடிதம் குவிந்தது. பதிலும் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, சுத்தம், இறுக்கமான உடையைத் தவிர்ப்பது என்று பதில்களில் நல்ல யோசனைகள் நிறைய இருந்தன. கம்பெனி வெளியிட்ட இலவசப் புத்தகங்களில் மாதவிலக்கு, பிரசவம், மாதவிலக்கு நிற்கும் காலம் பற்றியெல்லாம் வெளிப்படையாக எழுதியிருந்தது, அந்த விவரம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத காலம். அதனால் பிங்கமை வெறும் மோசடிக்காரி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேர்களில் ஒன்றான பிளாக் கோஹோஷ், மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூட்டுக்கு உதவுமா என்று இன்றும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், உறுதியான விடை கிடைத்தபாடில்லை. ஆனால் அதே புட்டி கர்ப்பப்பைக் கட்டியைக் கரைத்து வெளியேற்றும் என்றும், ஆண் பெண் இருபாலருக்கும் சிறுநீரகக் கோளாறு தீரும் என்றும் விளம்பரம் சொன்னது. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்த பெண்கள் எத்தனை பேரோ.

1881-ல் இரண்டு மாத இடைவெளியில் டேனும் வில்லும் காசநோயில் இறந்தார்கள். 1883-ல் லிடியாவும் போய்ச் சேர்ந்தார். விளம்பரம் நிற்கவில்லை. "மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கள்" என்ற அழைப்பு அப்படியே தொடர்ந்தது, பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1905-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் ஆசிரியர் எட்வர்ட் போக், ஒரு பக்கம் அந்த விளம்பரத்தையும் இன்னொரு பக்கம் லின் நகரக் கல்லறையில் இருந்த லிடியாவின் நடுகல் படத்தையும் சேர்த்துப் போட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமாதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாங்கள் சொல்வது மருமகள் மிஸஸ் பிங்கமை என்று கம்பெனி சமாளித்தது. சட்டப்படி அதில் பொய் இல்லை.

மற்றவர்களின் சாமர்த்தியங்களை வேகமாகச் சொல்கிறேன். டிரேக் என்பவர் பிளான்டேஷன் பிட்டர்ஸ் என்ற ரம் கலந்த மருந்துக்காக "எஸ். டி. 1860. எக்ஸ்" என்ற புரியாத எழுத்துகளைப் பாறை, வேலி, களஞ்சியச் சுவர் என்று கண்ட இடத்திலெல்லாம் எழுதினார். அர்த்தம் என்னவென்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது, மருந்து விற்றது. லோவல் நகர ஏயர் கம்பெனி ஆண்டுதோறும் பஞ்சாங்கம் அச்சடித்து மருந்துக் கடை வழியாக இலவசமாகக் கொடுத்தது. பிறை, கிரகணம், வானிலை பார்க்க ஆண்டு முழுவதும் ஆணியில் தொங்கும் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் நோய் விவரணை. படிக்கப் படிக்க ஒவ்வொரு நோயும் தனக்கே இருப்பதாகத் தோன்றும். 1881-ல் ஆரம்பித்த கிக்கப்பூ இந்தியன் மெடிசின் கம்பெனி, பூர்வகுடிகளைக் கூலிக்கு அமர்த்தி ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஆட்டம் பாட்டத்தோடு மருந்து விற்றது. ஆடியவர்களில் கிக்கப்பூ இனத்தவர் அநேகமாக இல்லை. மருந்து கனெக்டிகட்டில் தயாரானது. விளம்பர ஏஜென்ட் தொழிலுக்கே முன்னோடியான ஜார்ஜ் ரோவெல், கடைசியில் தானே ரிப்பன்ஸ் என்ற மாத்திரையைச் சந்தையில் இறக்கினார். மாத்திரைக்குள் இருந்த ஆறு சரக்கின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது.

வில்லியம் ராடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஆள். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் செடி வளர்த்து விற்ற தோட்டக்காரர். பாஸ்டர், கோக் என்ற விஞ்ஞானிகள் நோய்க் கிருமிகளைக் கண்டுபிடித்த செய்தி பத்திரிகைகளில் பரவிய காலம். செடிப் பூச்சியைக் கொல்ல மருந்து இருந்தால் மனிதக் கிருமியைக் கொல்லவும் இருக்காதா என்று யோசித்து 1886-ல் "மைக்ரோப் கில்லர்" விற்க ஆரம்பித்தார். எல்லா நோய்க்கும் காரணம் கிருமி, கிருமியைக் கொன்றால் எல்லா நோயும் தீரும். தர்க்கம் கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! புட்டிக்குள் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர், துளி கந்தக அமிலம், நிறத்துக்குச் சிவப்பு ஒயின். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் மாளிகை வாங்கினார். ஒவ்வொரு முறை அறிவியலில் புதிதாக ஒன்று வரும்போதும் அதன் பெயரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவருகிறவர் இவரைப் போன்றவர்தான். மின்சாரம் வந்தபோது மின்சார இடுப்புப் பட்டை வந்தது.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் பெரூனா விற்ற டாக்டர் சாமுவேல் ஹார்ட்மன் இன்னும் கெட்டிக்காரர். அவர் மருந்தைப் பெரிதாக்கவில்லை, நோயைப் பெரிதாக்கினார். சளி என்று நாம் சொல்லும் 'கேட்டார்' (catarrh) ஒன்றுதான் உலகத்தில் நோய். வயிற்று வலி என்றால் வயிற்றின் சளி, சிறுநீரகக் கோளாறு என்றால் சிறுநீரகச் சளி. சளிக்குப் பெரூனா. ஆல்கஹால் சுமார் 28 சதவீதம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் படத்தோடு நற்சான்று கொடுத்தார்கள். பூர்வகுடிக் குடியிருப்புகளில் மதுவுக்குப் பதிலாக இதைக் குடிக்கிறார்கள் என்று 1905-ல் அரசே அங்கே விற்கத் தடை போட்டது. பத்திரிகையாளர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் நேரில் கேட்டபோது ஹார்ட்மன் மறைக்காமல் சொன்னார்: ஜனங்கள் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள், நற்சான்றுகளைப் படிக்கிறார்கள், நம்பிக்கை வருகிறது, பெரூனா லேசாக உற்சாகம் கொடுக்கிறது, குணமாகிவிடுகிறார்கள். நான் மேலே பல பத்திகளில் சொன்னதை அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆடம்ஸின் தொடர் 1905 அக்டோபரில் காலியர்ஸ் வார இதழில் தொடங்கியது. அமெரிக்கர்கள் அந்த ஆண்டு இம்மாதிரி மருந்துகளுக்குச் செலவழிக்கும் தொகை ஏழரைக் கோடி டாலர் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் என்னை அதிகம் உலுக்கியது நவம்பரில் அதே இதழில் மார்க் சல்லிவன் எழுதியது. மருந்து கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் மாநிலத்தில் மருந்து தயாரிப்பையோ விற்பனையையோ கட்டுப்படுத்தும் சட்டம் வந்தால் இந்த ஒப்பந்தம் அப்போதே ரத்து. இப்படி ஒரு வரியைச் சேர்க்க முதலில் யோசித்தவர் 'ஹால்ஸ் கேட்டார் கியூர்' என்ற சளி மருந்து விற்ற டொலிடோ நகர ஃபிராங்க் செனி, அந்தத் தொழில்காரர் சங்கத்தின் தலைவர். சட்டமன்றத்தில் மசோதா வருகிறதா? நாம் யாரையும் போய்க் கெஞ்ச வேண்டாம், ஊர்ப் பத்திரிகைக்காரருக்கு ஒரு தந்தி அடித்தால் போதும், அவர் தன் விளம்பர வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எம்.எல்.ஏ.வைப் பார்த்துக்கொள்வார். இதுதான் அவர் கணக்கு. கன்சாஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் தன்னிடம் இருந்த ஒப்பந்தங்களைச் சல்லிவனுக்குக் கொடுத்து உதவினார். மாசசூசெட்ஸில் லேபிளில் உள்ளடக்கத்தை எழுத வேண்டும் என்ற மசோதா விவாதத்துக்கு வந்தபோது பெரும்பாலான பத்திரிகைகள் அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அரசாங்கம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தது" என்ற கேள்விக்கு இந்தச் சிவப்பு வரியைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. லண்டனில் மருத்துவ சங்கத்தின் புத்தகத்துக்கு விளம்பரம் மறுத்த கதையும் இதன் தம்பிதான்.

எதிர்த்தவர்களும் தவறே செய்யாதவர்கள் அல்ல. எட்வர்ட் போக் 1892-லேயே தன் இதழில் இம்மாதிரி விளம்பரத்தை நிறுத்தியவர், நஷ்டத்தைத் தாங்கியவர். ஆனால் 1904-ல் பஃபலோ நகர டாக்டர் பியர்ஸின் மருந்தில் ஆல்கஹாலும் அபினும் இருப்பதாக எழுதிவிட்டார். சோதித்தால் அப்படி இல்லை. பியர்ஸ் வழக்குப் போட்டு 16,000 டாலர் வாங்கினார்.

1906 ஜூன் 30-ல் தியடோர் ரூசவெல்ட் கையெழுத்திட்ட உணவு, மருந்துச் சட்டம் இந்த மருந்துகளைத் தடை செய்ததாகப் பலர் எழுதுகிறார்கள். தடை செய்யவில்லை. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கோகெய்ன், ஹெராயின், குளோரோஃபார்ம், கஞ்சா போன்றவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் எழுது என்றது, லேபிளில் பொய் எழுதாதே என்றது. அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய அடி. குழந்தைக்குக் கொடுக்கும் சிரப் புட்டியில் மார்ஃபின் என்ற சொல்லைப் படித்துவிட்டு எந்தத் தாய் வாங்குவாள்?

அந்தச் சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். புற்றுநோய் தீரும் என்று லேபிள் ஒட்டி விற்ற ஜான்சன் என்பவர் வழக்கில் 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் உள்ளடக்கம் பற்றிய பொய்யைத்தான் தடுக்கிறது, குணமாகும் என்ற பொய்யை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பொய்யையும் தடுக்க அடுத்த ஆண்டே ஷெர்லி திருத்தம் வந்தது. அதிலும் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும். "எனக்கே நம்பிக்கை இருக்கிறது ஐயா" என்று சொன்னால் தப்பிக்க வழி இருந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்தின் முன் பாம்பைக் கீறிக் காட்டி விற்ற கிளார்க் ஸ்டான்லியின் பாம்பு எண்ணெயைப் பிற்பாடு அரசு சோதித்தது. கனிம எண்ணெய், கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு, மிளகாய், கற்பூரம், டர்பன்டைன். பாம்பு மட்டும் இல்லை. அபராதம் 20 டாலர்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் புட்டியில் ஒட்டிய தாளை மட்டுமே தொட்டன. பத்திரிகை விளம்பரத்தைத் தொடவில்லை. பிங்கம் கம்பெனி லேபிளில் ஆல்கஹால் அளவை எழுதியது, பிறகு அளவைக் கொஞ்சம் குறைத்தது, கட்டி கரையும் என்ற பேச்சை லேபிளிலிருந்து எடுத்துவிட்டது. பத்திரிகையில் பெண்களின் நற்சான்றுகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. சட்டம் வந்து 19 ஆண்டுகள் கழித்து, 1925-ல்தான், அந்த மருந்தின் விற்பனை உச்சத்தைத் தொட்டது. பொய் விளம்பரத்தின் மேல் கை வைக்கும் அதிகாரம் அமெரிக்க மத்திய அரசின் வணிக ஆணையத்துக்கு வந்தது 1938-ல்.